எது மாறவில்லை? – பிளஸ் டூ இயற்பியலும் வேதியியலும் எனக்குப் பிடிபட்ட கதை

என் வேதியியல் விடைத்தாளில் சிவப்பு மையால் நான்கு வட்டங்கள் இருந்தன. நான்கும் கணக்குகள். நான்கிலும் சூத்திரம் சரி, விடை தவறு. 2022 அக்டோபரில் காலாண்டுத் தாள்களைக் கொடுத்தபோது எனக்குக் கிடைத்தது எழுபதுக்கு 16. அதற்கு முந்தைய நாள் வந்த இயற்பியல் தாளில் 19. தமிழிலும் உயிரியலிலும் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் இருந்தவள் நான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்த படிப்பெல்லாம் எங்கே போனது என்று எனக்கே விளங்கவில்லை.

மாலையில் வேதியியல் டீச்சர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். வட்டமிட்ட ஒரு கணக்கின் மீது விரலை வைத்தார். 0.2 மோலார் செறிவுள்ள அமிலக் கரைசல் 50 மில்லி லிட்டர் இருக்கிறது. அதில் தண்ணீர் சேர்த்து 200 மில்லி லிட்டர் ஆக்கினால் புதிய செறிவு என்ன? நான் 0.8 என்று எழுதியிருந்தேன்.

"தண்ணீர் ஊற்றினால் கரைசல் நீர்த்துத்தானே போகும்? உன் விடையில் நாலு மடங்கு அடர்ந்திருக்கிறதே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. "சூத்திரத்தை விடு. ஊற்றியது வெறும் தண்ணீர். இங்கே எது மாறவில்லை, சொல்லு பார்க்கலாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "அமிலம்" என்றேன்.

"அவ்வளவுதான். உள்ளே இருந்த அமிலம் எங்கும் போகவில்லை. அதே அமிலம் நாலு மடங்கு இடத்தில் பரவிவிட்டது. அப்படியானால் செறிவு?"

நாலில் ஒரு பங்கு. 0.05. சூத்திரம் இல்லாமலே விடை வந்துவிட்டது. இனி எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் முதல் வரியில் 'மாறாதது' என்று எழுதி, அதற்கு நேராக ஒரு சொல் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் தெரியாவிட்டால் கணக்கையே தொடக் கூடாது. அடுத்த ஐந்து மாதங்கள் நான் செய்ததெல்லாம் ஏறத்தாழ இது ஒன்றுதான். இதே பாடங்களோடு இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்று அதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கே தவறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பத்தாம் வகுப்புப் படித்தது கொரோனா காலத்தில். 2021 ஜனவரி 19 அன்றுதான் பள்ளி திறந்தது. பிப்ரவரியிலேயே தேர்வு இல்லை, அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்துவிட்டது. மோல் என்ற பாடத்தை நான் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு லாரியில் போய்விடும், இரவுதான் கைக்கு வரும். பிளஸ் ஒன் வந்தபோது, மோல் தெரியும் என்ற எண்ணத்தில் மேலே மேலே பாடம் நடந்தது. சமநிலை, வினைவேகம், மின்வேதியியல் எல்லாம் மோல் மீது நிற்பவை. அடித்தளம் இல்லாத இடத்தில் மாடி மேல் மாடி எழுப்பிக்கொண்டிருந்தேன்.

ஆகவே காலாண்டுக்குப் பிறகு நான் முதலில் கையில் எடுத்தது பத்தாம் வகுப்புப் புத்தகம். பிளஸ் டூ மாணவி அதைப் படிப்பதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. மொத்தம் நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களுக்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது. எந்த வகுப்புப் பாடத்தில் உங்களுக்கு முதன்முதலாக இருட்டியதோ, அங்கேயே போய்த் தொடங்குங்கள்.

மோலைப் பிடித்துக்கொள்ள எனக்கு உதவியது வெற்றிலை. ஊரில் வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் விற்பார்கள். கொழுந்து வெற்றிலையானாலும் முற்றிய வெற்றிலையானாலும் ஒரு கவுளியில் எண்ணிக்கை ஒன்றுதான். தராசில் வைத்தால் எடைதான் வேறுபடும். மோலும் அப்படி ஒரு கவுளிதான். எண்ணிக்கை 6.022 × 10²³. ஒரு கவுளி ஹைட்ரஜன் மூலக்கூறு 2 கிராம், ஒரு கவுளி தண்ணீர் 18 கிராம், ஒரு கவுளி கால்சியம் கார்பனேட் 100 கிராம். வினையில் மூலக்கூறுகள் எண்ணிக்கைக் கணக்கில்தான் ஒன்றோடொன்று சேர்கின்றன. தராசோ எடையைத்தான் காட்டும். எடையிலிருந்து எண்ணிக்கைக்கும், எண்ணிக்கையிலிருந்து எடைக்கும் போய்வரும் பாலம்தான் மோல். இதைப் புரிந்துகொண்ட அன்று, 'கொடுக்கப்பட்ட நிறையை மூலக்கூறு நிறையால் வகுக்க' என்ற சூத்திரம் மனப்பாடம் செய்யவேண்டிய ஒன்றாகவே தெரியவில்லை.

எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம். சுண்ணாம்புக்கல் பூமி. அப்பா ஓட்டுவது சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போகும் லாரி. தெருவெல்லாம் அந்த வெண்புழுதிதான். அவ்வளவு காலம் அதை வேதியியலாக நான் பார்த்ததே இல்லை. கல் முழுக்கச் சுத்தமான கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொண்டு ஓர் இரவு கணக்குப் போட்டேன். 100 பங்கு கல்லைச் சூளையில் சுட்டால் 56 பங்கு சுட்ட சுண்ணாம்பும் 44 பங்கு கார்பன் டை ஆக்சைடும் வரும். அப்பா ஒரு நடையில் 20 டன் ஏற்றினால் அதில் 8.8 டன் புகைபோக்கி வழியாக வாயுவாகப் போய்விடுகிறது, 11.2 டன்தான் திடப்பொருளாக மிஞ்சுகிறது. அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "நான் ஏற்றிப்போவதில் பாதிக்குப் பாதி காற்றாகவா போகிறது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க அம்மா சுண்ணாம்பு நீற்றினார். அடுப்படிக்குப் பின்னால் பழைய தகர டின். அடியில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகள். அம்மா ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்று என்னையும் பின்னால் இழுத்துவிட்டார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கட்டியில் கீறல் விழுந்தது. 'உஸ்' என்ற சத்தம். கட்டி பூவாக விரிந்து உதிர்ந்தது. அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. "நல்ல சுண்ணாம்பு, தண்ணீரை எப்படிக் குடிக்கிறது பார்" என்றார் அம்மா. 56 பங்கு சுண்ணாம்பு 18 பங்கு தண்ணீரைக் குடித்து 74 பங்கு நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. சூளை உள்ளே செலுத்திய வெப்பத்தில் ஒரு பகுதிதான் இங்கே டின்னைச் சுட்டுக்கொண்டிருந்தது. வெப்பக்கொள்வினை, வெப்ப உமிழ்வினை என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்த இரண்டு சொற்கள், ஒன்று சூளையிலும் இன்னொன்று எங்கள் கொல்லையிலும் இருந்தன.

சுவரில் பூசியபோது முதலில் மங்கலாகத்தான் தெரிந்தது. காய்ந்து, நாள் செல்லச் செல்லத்தான் வெளுத்துக் கெட்டியானது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. 74 பங்கோடு 44 சேர்ந்து, 18 பங்கு தண்ணீரை விட்டுவிட்டு, 100. அப்பா ஏற்றிப்போகும் அதே கல் எங்கள் சுவரில்! இந்தச் சுற்று முழுவதிலும் கால்சியம் அணு ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குறிப்பேட்டில் 'மாறாதது: கால்சியம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டால் எத்தனை பாடம் வருகிறது பாருங்கள். மூடிய கலனில் இந்தக் கல்லைச் சுட்டால் வினை ஓரளவு நடந்து சமநிலைக்கு வந்து நின்றுவிடும். திறந்த சூளையில் வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால் வினை முன்னோக்கியே போகிறது. லீ சாட்லியர் கொள்கை அதுதான். சமநிலை மாறிலியில் திடப்பொருள்கள் ஏன் இடம்பெறுவதில்லை, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் மட்டும் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கும் இதே உதாரணம் போதும். சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் மாறுவதும், தொடர்ந்து ஊதினால் பைகார்பனேட்டாகித் தெளிவதும், அந்தத் தெளிந்த நீரைக் கொதிக்கவைத்தால் மறுபடி வெண்மை படிவதும் இதன் தொடர்ச்சி. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கும் அதுவேதான். புதிதாக ஒரு வேதியியல் பாடம் தொடங்கும்போது, உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் அந்தப் பாடத்துக்கு ஒரு பொருள் இருக்கிறதா என்று தேடிவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். திருப்பூரில் சாயம் இருக்கிறது, தூத்துக்குடியில் உப்பளம் இருக்கிறது, சிவகாசியில் வெடிமருந்து இருக்கிறது.

இயற்பியல் எனக்கு இன்னும் மெதுவாகத்தான் வந்தது. அங்கே என்னைக் குழப்பியது, ஒரே அளவுக்கு இரண்டு மூன்று சூத்திரங்கள் இருப்பது. மின்திறன் என்பது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும் என்று ஒரு வரி. மின்னழுத்த வேறுபாட்டின் இருமடியை மின்தடையால் வகுத்தால் கிடைக்கும் என்று இன்னொரு வரி. முதல் வரிப்படி மின்தடை கூடினால் திறன் கூடுகிறது. இரண்டாம் வரிப்படி மின்தடை கூடினால் திறன் குறைகிறது. எது சரி?

என் மாமா கோயில் திருவிழாக்களுக்கு லைட் செட் போடுபவர். அவரிடம் பழைய குண்டு பல்புகள் இருந்தன. 100 வாட் ஒன்று, 40 வாட் ஒன்று. இரண்டையும் தொடரிணைப்பில் மாட்டிக் காட்டச் சொன்னேன். "எது பிரகாசமாக எரியும், நீயே சொல்லு" என்றார். 100 வாட் என்றேன். ஸ்விட்சைப் போட்டார். 40 வாட் பல்பு பளிச்சென்று எரிந்தது. 100 வாட் பல்பில் இழை மட்டும் செந்நிறமாக மினுங்கியது. நான் இரண்டையும் இடம் மாற்றி மாட்டச் சொன்னேன். அப்போதும் அதே 40 வாட்தான். மாமாவுக்கு இதில் வியப்பே இல்லை. இருபது வருடமாகப் பார்ப்பவர். ஏன் என்று அவரால் சொல்லத் தெரியவில்லை, ஆனால் நடக்கப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது. (இது 230 வோல்ட். தெரிந்த பெரியவர் இல்லாமல் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

அன்று இரவு கணக்குப் போட்டேன். 230-இன் இருமடி 52,900. அதை 100-ஆல் வகுத்தால் 529 ஓம். 40-ஆல் வகுத்தால் 1322.5 ஓம். குறைந்த வாட் பல்புக்குத்தான் மின்தடை அதிகம். தொடரிணைப்பில் எது மாறவில்லை? மின்னோட்டம். இரண்டு பல்பிலும் ஒரே மின்னோட்டம், சுமார் 0.124 ஆம்பியர். ஆகவே மின்னோட்டம் இடம்பெறும் சூத்திரத்தை எடுக்கவேண்டும். மின்தடை அதிகமுள்ள பல்பு அதிகம் எரியும். 40 வாட் பல்பு சுமார் 20 வாட் அளவிலும், 100 வாட் பல்பு சுமார் 8 வாட் அளவிலும் எரிகின்றன. இழை சூடாகச் சூடாக மின்தடை மாறும் என்பதால் உண்மையில் எண்கள் சற்று வேறுபடும், ஆனால் முடிவு மாறாது. வீட்டிலோ எல்லாம் பக்க இணைப்பு. அங்கே மாறாதது மின்னழுத்த வேறுபாடு. ஆகவே இரண்டாம் சூத்திரம், 100 வாட் பல்பே அதிகம் எரியும். இரண்டு சூத்திரமும் சரிதான். மாறாத அளவு எதில் இருக்கிறதோ, அந்தச் சூத்திரம் அந்தக் கணக்குக்கு உரியது.

இது பிடிபட்ட பிறகு மின்தேக்கிப் பாடம் ஒரே மாலையில் முடிந்தது. மின்தேக்கியின் தட்டுகளுக்கு நடுவே மின்காப்புப் பொருளைச் செருகினால் ஆற்றல் கூடுமா குறையுமா என்று ஒரு மதிப்பெண் வினாவிலும் கேட்பார்கள், ஐந்து மதிப்பெண் வினாவிலும் கேட்பார்கள். மின்கலத்தைக் கழற்றிவிட்டுச் செருகினால், தட்டில் உள்ள மின்னூட்டம் போக வழியில்லை, மாறாதது மின்னூட்டம். மின்கலம் இணைந்திருக்கும்போதே செருகினால், மின்கலம் மின்னழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. மாறாதது மின்னழுத்த வேறுபாடு. செருகும் பொருளின் மின்காப்பு மாறிலி 5 என்றால், முதல் வகையில் மின்னழுத்தமும் ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். இரண்டாம் வகையில் மின்னூட்டமும் ஆற்றலும் ஐந்து மடங்காகும். புத்தகத்தில் இருக்கும் அட்டவணையை நான் அதற்கு முன் மூன்று முறை மனப்பாடம் செய்து மூன்று முறையும் மறந்திருந்தேன்.

ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளிவரும் ஒளிமின் விளைவிலும் இந்தக் கேள்வி உதவும். ஒளியின் செறிவைக் கூட்டினால் வெளிவரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொன்றின் பெரும இயக்க ஆற்றல் மாறாது, ஏனென்றால் அதிர்வெண் மாறவில்லை, உலோகத்தின் வெளியேற்று ஆற்றலும் மாறவில்லை. மின்மாற்றியில், இழப்பில்லை என்று கொண்டால், மாறாதது திறன். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும், கம்பியில் வெப்பமாகும் இழப்பு நூறில் ஒன்றாகும். ஒளியியலில் மட்டும் எனக்கு இது கைகொடுக்கவில்லை. அங்கே படம்தான் வழி. கதிர்ப்படம் வரைந்து, தொலைவுகளுக்குக் கூட்டல் கழித்தல் குறியைப் படத்திலேயே எழுதிவிட்டு, அதன் பிறகே எண்களைப் பிரதியிட வேண்டும்.

வேதிவினை வேகவியலில் ஒரு கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம், அதன் அரைவாழ் காலத்தைப் (பாதி தீர ஆகும் நேரத்தைப்) போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்று காட்டுக. மடக்கை அட்டவணை, 2.303, 0.693 என்று எல்லாரும் நேராக இறங்கிவிடுவோம். டீச்சர் ஒரு தாளைக் கொடுத்து மடித்துக் கிழிக்கச் சொன்னார். பாதி, பாதியில் பாதி என்று. 100, 50, 25, 12.5, 6.25 என்று எண்ணிக்கொண்டே போனேன். பத்தாவது தடவையில் கையில் விரல் நகம் அளவுக்குத்தான் மிஞ்சியது. ஆயிரத்து இருபத்து நான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.1 சதவீதம். மீதி 99.9 முடிந்துவிட்டது. "இதில் எது மாறவில்லை?" என்றார் வழக்கம்போல. ஒவ்வொரு தடவை பாதியாவதற்கும் ஆகும் நேரம் மாறவில்லை. தொடக்கச் செறிவு எவ்வளவாக இருந்தாலும் அந்த நேரம் ஒன்றே. முதல் வகை வினையின் இலக்கணமே அதுதான். பூஜ்ய வகை வினையிலோ மாறாதது வினைவேகம்; அரைவாழ் காலம் தொடக்கச் செறிவைப் பொறுத்து மாறும். தேர்வில் மடக்கை வழியில்தான் படிப்படியாக எழுதினேன், 9.97 வந்தது. ஆனால் விடை பத்துக்கு அருகே வரவேண்டும் என்று முன்பே தெரிந்திருந்ததால், எழுதும்போது கை நடுங்கவில்லை. எந்தக் கணக்கிலும் விடை ஏறக்குறைய எங்கே வரும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுச் செய்யுங்கள். அந்த 0.8 தவறு அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லை.

அலகுகளைப் பற்றி ஒரு வரி. செல்சியஸை கெல்வினாகவும், சென்டிமீட்டரை மீட்டராகவும், மைக்ரோவைப் பத்தின் அடுக்காகவும் மாற்றிய பிறகே சூத்திரத்துக்குள் விடவேண்டும். கேள்வியைப் படிக்கும்போதே மாற்றிவிடுங்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டவை எல்லாம் விட்டுப்போனவைதான்.

செய்முறையை வெறும் மதிப்பெண் வாங்கும் இடமாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு மின்வேதியியலும் வினைவேகமும் ஒன்றாகச் சேர்ந்தது ஆய்வகத்தில்தான். ஆக்ஸாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்த்த அன்று, கூம்புக் குடுவையைச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து முதல் துளியை விட்டேன். ஊதா நிறம் போகவே இல்லை. முடிவுநிலை வந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்ல நிறம் கரைந்து போயிற்று. இரண்டாம் துளி கொஞ்சம் விரைவாக. ஐந்தாறு துளிகளுக்குப் பிறகு விழுந்த கணமே மறைந்தது. வினையில் உருவாகும் மாங்கனீசு அயனிகளே அந்த வினைக்கு வினைவேக மாற்றியாகிவிடுகின்றன. தன் வினைவேக மாற்றம் என்று புத்தகத்தில் ஒற்றை வரியில் இருப்பது இதுதான்.

அந்தச் சோதனையில் கவனிக்கவேண்டியவை பல. கரைசலை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. ஊதாக் கரைசல் அடர்ந்த நிறம் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைத்தான் பார்த்து அளவெடுக்க வேண்டும். தனியாக நிறங்காட்டி வேண்டாம், பெர்மாங்கனேட்டே போதும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்திவிடலாம். அமிலச் சூழலுக்கு நீர்த்த கந்தக அமிலமே பயன்படும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி குளோரைடை ஆக்ஸிஜனேற்றுவதில் செலவாகிவிடும். நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்ஸிஜனேற்றி. வாய்மொழித் தேர்வில் என்னைக் கேட்டதும் இதைத்தான். இங்கே மாறாதது என்ன? ஒன்று இழந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மற்றொன்று ஏற்ற எண்ணிக்கையும் சமம். பெர்மாங்கனேட் ஐந்தை ஏற்கிறது, ஆக்ஸாலிக் அமிலம் இரண்டை இழக்கிறது. ஆகவே இரண்டுக்கு ஐந்து. கன அளவையும் நார்மாலிட்டியையும் (எலக்ட்ரான் கணக்கில் சொல்லும் செறிவையும்) பெருக்கி இரண்டு பக்கமும் சமப்படுத்துகிறோமே, அதன் பொருள் இவ்வளவுதான்.

தேர்வு எழுதும் முறைக்கு வருகிறேன். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பதில் ஆறும், மூன்று மதிப்பெண்ணில் ஒன்பதில் ஆறும் எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண்ணில் ஐந்தும் 'அல்லது' வினாக்கள். இவற்றில் இரண்டு மதிப்பெண் பகுதியின் 24-ஆம் வினாவும் மூன்று மதிப்பெண் பகுதியின் 33-ஆம் வினாவும் கட்டாயம். நான் பயிற்சி செய்த இயற்பியல் தாள்களில் அந்த இரண்டும் பெரும்பாலும் கணக்குகளாகவே இருந்தன. கணக்கே வேண்டாம், கோட்பாடு மட்டும் படித்துத் தேறிவிடலாம் என்பவர்கள் அந்த ஐந்து மதிப்பெண்களை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க மட்டும் தருவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்தது, கணக்குகளை மட்டும் தேடி, ஒவ்வொன்றிலும் மாறாதது எது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததுதான். மணி அடித்து எழுதத் தொடங்கியபோது பாதிக் கணக்கு முடிந்திருந்தது.

2023 மார்ச்சில் தேர்வு தொடங்கியது. மே மாதம் முடிவு வந்தபோது எழுத்துத் தேர்வில் இயற்பியல் 58, வேதியியல் 55. நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் எழுதும் குறிப்புகளுக்கு முன் இது சிறியதுதான். 16-லிருந்தும் 19-லிருந்தும் கிளம்பிய எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த மதிப்பெண்களில்தான் இன்று இயற்பியல் பட்டப்படிப்புப் படிக்கிறேன்.

வேதியியலில் போன 15 மதிப்பெண்ணில் பெரும்பகுதி பி-தொகுதித் தனிமங்களிலும் கரிம வேதியியலிலும் போனது. 'எது மாறவில்லை' என்ற கேள்வி அங்கே பாதி வழிதான் வரும். பெயர் வினைகளையும் வினைப்பொருள்களையும் நினைவில் வைத்துத்தான் ஆகவேண்டும். அதற்கு எனக்கு வாய்த்த துணை அம்மா. எட்டாம் வகுப்போடு நின்றவர். மல்லாக்கொட்டை உடைத்துக்கொண்டே மடியில் என் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார். நான் சுவரைப் பார்த்துச் சொல்லவேண்டும். குறியீடுகள் அவருக்குத் தெரியாது, ஆனால் தமிழ் வரிகளை விரல் வைத்து வரி வரியாகப் பார்ப்பார். ஒரு சொல் விட்டாலும் பிடித்துவிடுவார்.

ஒருநாள் ரோசன்முண்ட் ஒடுக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அமில குளோரைடை, பல்லேடியம் வினைவேக மாற்றியின் முன்னிலையில், ஹைட்ரஜனால் ஒடுக்கினால் ஆல்டிஹைடு கிடைக்கும்.

"பேரியம் சல்பேட் என்று ஒன்று போட்டிருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டாய்?" என்றார் அம்மா.

"அது சும்மா கூட இருப்பதுதான் அம்மா."

"கூட இருப்பதற்கு எதற்கு அச்சடித்திருக்கிறார்கள்? அது என்ன செய்யும்?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை வாங்கிப் படித்தேன். அடுத்த வரியிலேயே இருந்தது. பேரியம் சல்பேட் பல்லேடியத்தின் வேகத்தைக் குறைக்கும் நச்சு. அது இல்லாவிட்டால் ஒடுக்கம் ஆல்டிஹைடோடு நிற்காது, ஆல்கஹால் வரை போய்விடும். அம்மாவிடம் சொன்னேன்.

"சரியான பதத்தில் அடுப்பை அணைக்கிற மாதிரி" என்றார். கொட்டை உடைக்கும் கை நிற்கவில்லை. "சரி, அடுத்தது சொல்லு."